கீழே பறக்கிற வைஃபை மாடியில் ஏன் படுத்துவிடுகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

மாடியில் வைஃபை வரவில்லை என்றதும் பலரும் முதலில் செய்வது புதிதாக ஏதாவது வாங்குவது. ஆறு கொம்பு முளைத்த ரூட்டரோ, சுவரில் செருகும் ரிப்பீட்டரோ வீட்டுக்கு வரும். கொஞ்ச நாள் சந்தோஷமாகப் போகும், பிறகு பழைய புகாரே திரும்பும். கோளாறு இருக்கக்கூடிய இடங்கள் நான்குதான்: வெளியிலிருந்து வரும் லைன், ரூட்டர், நடுவிலுள்ள சுவரும் தளமும், கையிலுள்ள போன். இவற்றில் எது என்று தெரியாமல் காசைப் போடுவது வீண். என் கட்சி எது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: மாடிக்கு ஒரே ஒரு ஈதர்நெட் கேபிளை ஏற்ற வழி இருக்கிற வீட்டில் மற்ற வித்தைகள் எல்லாம் இரண்டாம்பட்சம்.

முதலில் ஓர் எண்ணைப் பிடியுங்கள்

போனில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் இஷ்டப்படி வைத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது சிக்னலின் பலத்தைச் சொல்லும் டிபிஎம் என்ற எண். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகைச் செயலிகள் இதைக் காட்டும். ஐஃபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யுட்டிலிட்டி செயலியை நிறுவி, போன் அமைப்புகளுக்குள் போய் அதன் வைஃபை ஸ்கேனரை இயக்க வேண்டும். மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு மேலே இருக்கும் வைஃபை குறியைச் சொடுக்கினாலே போதும்.

இது மைனஸ் எண். பூஜ்யத்திலிருந்து விலக விலக சிக்னல் பலவீனம். -50 அருமை. -67 வரை வீடியோ அழைப்பு சிக்கலில்லாமல் ஓடும். -70ஐத் தாண்டினால் திணறல் ஆரம்பிக்கும், -80ல் பேருக்கு ஓர் இணைப்பு இருக்கும், அவ்வளவுதான். 3 குறைந்தால் சக்தி பாதியாகிவிட்டது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள்.

இனி ரூட்டர் பக்கத்திலிருந்து மெல்ல நடந்து படியேறுங்கள். செயலி சில நொடிக்கு ஒருமுறைதான் எண்ணைப் புதுப்பிக்கும், அதனால் ஒவ்வோர் இடத்திலும் சற்று நில்லுங்கள். ஹாலில் -45 என்று இருக்கும். படிக்கட்டின் அடியில் -55. படி திரும்பும் மேடையில் -62. மேலே போய் படுக்கையறைக் கதவைத் தாண்டி, பீரோ ஓரமாக நின்றதும் பொத்தென்று -76. எந்த இடத்தில் அப்படி விழுகிறதோ, தடுப்பது அந்த இடத்தில்தான் இருக்கிறது. சில வீடுகளில் தளத்தைவிட அந்த பீரோவே பெரிய வில்லன்.

அறிகுறி: ரூட்டர் பக்கத்தில் நின்றாலும் வேகம் இல்லை

அப்படியானால் மாடியைப் பற்றிப் பேச இன்னும் நேரம் வரவில்லை. ஒரு லேப்டாப்பை ரூட்டரின் லேன் போர்ட்டில் (வீட்டுச் சாதனங்களைக் கம்பியில் இணைக்கும் துளை) கேபிள் வழியாக இணைத்து வேகத்தைப் பாருங்கள். கேபிளிலும் மந்தமாக இருந்தால் லைன் பக்கம் கோளாறு, இணைப்பு கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். கேபிளில் சரியாக வந்து வைஃபையில் மட்டும் குறைந்தால், வைஃபையின் இரு முக்கிய அலைவரிசைகளான 2.4, 5 கிகாஹெர்ட்ஸில் போன் 2.4ல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ரூட்டருக்கு அருகில் 5 கிகாஹெர்ட்ஸ்தான் வேகம்.

இங்கே ஒரு விசேஷ எண் உண்டு: 94. எத்தனை தடவை சோதித்தாலும் 94 எம்பிபிஎஸ் பக்கத்திலேயே நிற்கிறது என்றால், வழியில் எங்கோ ஓர் இணைப்பு கிகாபிட்டிலிருந்து (1000 எம்பிபிஎஸ்) 100க்கு இறங்கிவிட்டது. ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கே போதும். ஆகவே மற்ற நான்கில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் நெட் நிற்காது, சத்தமில்லாமல் வேகம் மட்டும் குறையும். முனையில் இருக்கும் கண்ணாடி போன்ற பிளக்கை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். எட்டுச் செம்பு முனைகளும் முன்சுவரைத் தொட்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும், பெரும்பாலும் ஓரத்தில் இருக்கும் பழுப்பு, ஓரிரு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டிருக்கும். அந்த முனையை வெட்டிவிட்டுப் புது பிளக் அடித்தால் தீர்ந்தது. கேபிள் நன்றாக இருந்தும் 94தான் என்றால் ரூட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் ரகமாக இருக்கலாம். அட்டைப்பெட்டியில் 1200 என்று பெரிதாகப் போட்டிருக்கும் மலிவு ரூட்டர்கள் சிலவற்றிலும் இதே கதைதான்.

அறிகுறி: கீழே நன்றாக இருக்கிறது, மாடியில் ஒரே ஒரு கோடு

இதுதான் பெரும்பாலோரின் பிரச்சினை. மரத்தளம் என்றால் சிக்னல் ஓரளவு ஊடுருவிவிடும். கான்கிரீட் தளம் அப்படியில்லை. கான்கிரீட்டும் அதற்குள் இருக்கும் ஈரமும் அலையை உறிஞ்சும், உள்ளே பின்னியிருக்கும் இரும்புக் கம்பிகள் அலையைத் திருப்பி அனுப்பும். 5 கிகாஹெர்ட்ஸ் இங்கே 2.4ஐவிட அதிகம் அடிபடும், புதிய 6 கிகாஹெர்ட்ஸ் இன்னும் மோசம். ஒரு தளத்தைத் தாண்டி 2.4 தள்ளாடியாவது போகும். இரண்டு தளம் என்றால் அதையும் எதிர்பார்க்காதீர்கள்.

கான்கிரீட் தளத்தில் ஒரே ஓட்டை படிக்கட்டுக்கு விட்ட இடம். மாடிக்கு ஏறும் சிக்னலில் பெரும்பகுதி அந்த வழியாகத்தான் ஏறும். எனவே காசில்லாத முதல் வைத்தியம், ரூட்டரைப் படிக்கட்டு தெரிகிற இடத்துக்கு நகர்த்துவது, அதுவும் ஆள் உயரத்துக்கு மேலே. டிவிக்குப் பின்னால், மூடிய அலமாரிக்குள், கண்ணாடி ஓரம், மீன் தொட்டிக்குப் பக்கம் என்று ரூட்டரை ஒளித்துவைப்பது அழகுக்கு நல்லது, அலைக்கு ஆகாது. நீரும் உலோகமும் கண்ணாடியின் ரசப்பூச்சும் மூன்றுமே எதிரிகள். ஃபைபர் வந்து முடியும் மூலையில்தான் ரூட்டரும் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஃபைபர் பெட்டி அங்கேயே இருக்கட்டும், அதிலிருந்து ஒரு கேபிள் இழுத்து ரூட்டரை நடு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டும் ஒரே பெட்டியாக வந்திருந்தால், அதன் வைஃபையை அணைத்துவிட்டுத் தனி ரூட்டர் வைக்கலாம்.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனா உள்ள ரூட்டரில் இன்னொன்றையும் செய்து பாருங்கள். குச்சி ஆன்டெனா தன் நுனி வழியாக அலையை வீசுவதில்லை, பக்கவாட்டில்தான் வீசும். எல்லாவற்றையும் செங்குத்தாக நிறுத்தினால் அலை அந்தத் தளத்திலேயே பரவும். மாடியை நோக்கி நிமிர்த்தி வைத்திருக்கிறேனே என்று நினைப்பவர்கள் உண்மையில் மாடிக்கு மிகக் குறைவாகவே அனுப்புகிறார்கள். ஒன்றையோ இரண்டையோ படுக்கைவாட்டில் சாய்த்துவிட்டு மேலே போய் எண்ணைப் பாருங்கள். சில வீடுகளில் நன்றாகப் பலிக்கும், சிலவற்றில் ஒன்றும் நடக்காது. செலவில்லை என்பதால் பார்த்துவிடுவதில் நஷ்டமில்லை.

'அதிக சக்தி' என்று விற்கப்படும் ரூட்டர் மட்டும் வேண்டாம். வைஃபை இருவழிப் பேச்சு. ரூட்டர் மாடிக்குக் கேட்கும்படி கத்தினாலும், போனின் சன்னக் குரல் கீழே வந்து சேராவிட்டால் பேச்சு நடக்காது. கோடு நிறையத் தெரிந்தும் பக்கம் திறக்காத வீடுகளில் பல நேரம் நடப்பது இதுதான்.

இத்தனையும் செய்து மாடியில் தேவையான இடத்தில் -67க்குள் வந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள், எதுவும் வாங்க வேண்டாம். வரவில்லை என்றால் மாடியிலேயே ஓர் ஒலிபரப்பு வேண்டும்.

அறிகுறி: ரிப்பீட்டர் போட்ட பிறகு சிக்னல் முழுசு, வேகம் இல்லை

ரிப்பீட்டரைச் சிக்னல் இல்லாத அறையிலேயே செருகியிருப்பீர்கள். அங்கே அதற்கே -78தான் கிடைக்கிறது. உங்கள் போனுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவில் பிரமாதமான இணைப்பு, ரிப்பீட்டருக்கும் ரூட்டருக்கும் நடுவில் ஒன்றுமில்லை. போன் முதலாவதை மட்டுமே காட்டும். ரிப்பீட்டரை வைக்க வேண்டியது சிக்னல் இன்னும் தெம்பாக, -60 முதல் -65க்குள் இருக்கும் இடத்தில். மாடிவீட்டில் அது பெரும்பாலும் படிக்கட்டின் மேல் முனையாக இருக்கும்.

அப்போதும் ஒரு குறை மிஞ்சும். ஒரே ரேடியோவில் கேட்டு அதே ரேடியோவில் திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் அதால் முடியாது. ரூட்டரோடு 5 கிகாஹெர்ட்ஸிலும் போனோடு 2.4லும் பேசும்படி அமைக்க முடிந்தால் இந்த இழப்பு குறையும்.

மெஷ் செட் (பல இடங்களில் வைத்து ஒரே வைஃபையாக இயங்கும் பெட்டிகள்) வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்பார்கள். நிர்வாகம் எளிது, பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றே, அறைக்கு அறை மாறுவது சுமுகம். ஆனால் கம்பியில்லா மெஷ்ஷும் அதே தளத்தை அதே அலையில்தான் கடக்க வேண்டும், இயற்பியல் அதற்கென்று சலுகை தராது. மெஷ் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவே தனி ரேடியோ வைத்திருக்கும் மூன்று பேண்ட் ரகம் ஓரளவு மேல். அந்தத் தனி ரேடியோ 6 கிகாஹெர்ட்ஸாக இருந்தால், கான்கிரீட் தளம் உள்ள வீட்டில் யோசித்து வாங்குங்கள்.

ஆக, கேபிள். கேட் 6 ரகம் ஒன்று போதும், 100 மீட்டர் வரை கிகாபிட் தாராளமாகப் போகும். வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ரகம் பார்வைக்கு அப்படியே இருக்கும், எளிதில் ஒடியும், அதன் வழியாக மின்சாரமும் அனுப்பினால் சூடாகும். மின்சார வயர் போகும் குழாய்க்குள் இதை நுழைக்கக் கூடாது. அலைவரிசைக் குறுக்கீடு இருக்கட்டும், அது ஆபத்து. டிவி கேபிளுக்கோ பழைய தொலைபேசிக்கோ போட்ட குழாய் இருந்தால் அதுவே தோதான வழி. இல்லையென்றால் படிக்கட்டுச் சுவரோரமாக ஒரு கேசிங் அடித்து ஏற்றலாம். வெளிச்சுவர் வழியாக என்றால் வெயில் தாங்கும் உறை உள்ள கேபிள் வேண்டும். மேல் முனையில் ஓர் ஆக்சஸ் பாயின்ட்டை (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாக ஒலிபரப்பும் பெட்டி) மாடியின் நடுவில், முடிந்தால் கூரையில் மாட்டுங்கள். அதே கேபிளில் மின்சாரமும் அனுப்பும் பிஓஇ வசதி இருந்தால் கூரையில் தனி பிளக் பாயின்ட் தேவையில்லை. மெஷ் செட் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும் மனம் தளர வேண்டாம். பெரும்பாலான செட்களில் மேல் பெட்டியை இந்தக் கேபிளில் செருகினால் அதுவே கண்டுகொண்டு கம்பிக்கு மாறிவிடும்.

கேபிள் ஏற்றவே வழியில்லாத வீட்டில் இரண்டு மாற்று உண்டு. மாடிவரை டிவி கோஆக்சியல் வயர் ஓடியிருந்தால், அந்த வயரிலேயே டேட்டா அனுப்பும் மோகா அடாப்டர் ஒரு ஜோடி ஏறக்குறைய ஈதர்நெட்டுக்குச் சமமாக வேலை செய்யும். மின்வயரிலேயே டேட்டா அனுப்பும் பவர்லைன் அடாப்டர் கடைசிப் புகலிடம். இரு முனையும் ஒரே ஃபேஸில் இருந்தால் நல்லது, எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகாமல் நேராகச் சுவர் பிளக்கில் செருக வேண்டும். அதன் வேகம் வீட்டு வயரிங்கின் குணத்தைப் பொறுத்தது. மோட்டார் ஓடும்போது சரிந்துவிடுவதும் உண்டு.

அறிகுறி: பழைய ரூட்டரை மேலே இணைத்தேன், நெட் வரவில்லை அல்லது கீழே உள்ள பிரின்டர் தெரியவில்லை

பழைய ரூட்டர் இன்னும் தன்னை முதலாளியாக நினைத்து ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்துக்கும் தரப்படும் எண்) வழங்கிக்கொண்டிருக்கிறது. மேலே போனின் ஐபி முகவரியைப் பாருங்கள். கீழே 192.168.1 என்று தொடங்கி மேலே 192.168.0 என்று தொடங்கினால், ஒரே வீட்டில் இரண்டு தனி நெட்வொர்க்குகள் உருவாகிவிட்டன. பக்கங்கள் திறக்கும், ஆனால் பிரின்டரும் டிவிக்கு அனுப்புவதும் சில விளையாட்டுகளும் மக்கர் செய்யும்.

பழைய ரூட்டரின் அமைப்பில் ஆக்சஸ் பாயின்ட் மோடு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். இல்லையென்றால் கையால் செய்ய வேண்டியதுதான். அதை மற்றெதனோடும் இணைக்காமல் லேப்டாப்போடு மட்டும் இணைத்து, முதலில் அதன் லேன் முகவரியை மாற்றுங்கள். கீழ் ரூட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. அது சேமித்து மறுபடி எழுந்ததும் புது முகவரியில் உள்ளே போய், முகவரி வழங்கும் வசதியான டிஎச்சிபியை அணையுங்கள். வரிசை முக்கியம்: டிஎச்சிபியை முதலில் அணைத்துவிட்டால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் நீங்களே வெளியே மாட்டிக்கொள்ளலாம். கடைசியாக, கீழிருந்து வரும் கேபிளை அதன் வேன் போர்ட்டில் (இணைய லைனுக்கான துளை) செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள்.

போன் 169.254 என்று தொடங்கும் முகவரியைக் காட்டினால் யாருமே அதற்கு முகவரி தரவில்லை. கேபிளையும் டிஎச்சிபியையும் மறுபடி பாருங்கள். மேல் பெட்டியைச் செருகிய மறுநொடி வீடு முழுக்க நெட் செத்தால், எங்கோ ஒரு கேபிளின் இரு முனையும் ஒரே பெட்டியில் செருகப்பட்டிருக்கும், அல்லது இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இரண்டு கேபிள் ஓடும். ஒன்றை உருவினால் உயிர் வரும்.

அறிகுறி: மாடி ஏறிய பிறகும் போன் கீழ் ரூட்டரையே பிடித்துக்கொண்டிருக்கிறது

எந்தப் பெட்டியில் ஒட்டுவது என்று முடிவெடுப்பது ரூட்டர் அல்ல, போன்தான். ஐஃபோன் சிக்னல் -70ஐத் தொட்ட பிறகுதான் வேறொன்றைத் தேடவே ஆரம்பிக்கும். மாடியில் கீழ் ரூட்டரின் சிக்னல் -66 என்று இருந்தால், மேலே பக்கத்திலேயே -45ல் ஒன்று இருந்தும் அது திரும்பிப் பார்க்காது. எனவே செய்ய வேண்டியது கீழ் ரூட்டரின் சக்தியைக் குறைப்பது. கேட்பதற்குத் தலைகீழாக இருக்கும், ஆனால் நிறைய வீடுகளில் இதுதான் மருந்து. 2.4ன் சக்தியைக் குறைவு என்றும், 5ன் சக்தியை நடுத்தரம் என்றும் வைத்துப் பாருங்கள். வைஃபை தரநிலையான 802.11ல், போன் பெட்டி மாற உதவும் கே, வி, ஆர் என்ற மூன்று துணைவசதிகள் இரண்டு பெட்டியிலும் இருந்தால் கே, வி இரண்டையும் இயக்கலாம். ஆர் சில பழைய சாதனங்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

மேலும் கீழும் வைஃபை பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு முறை மூன்றும் ஒன்றாகவே இருக்கட்டும். சேனல் (அலைவரிசைக்குள் இருக்கும் தனித்தனிப் பாதை) மட்டும் வேறாக இருக்க வேண்டும்.

அறிகுறி: பகலில் சரி, சாயங்காலமானால் இழுக்கிறது

அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். அனலைசர் செயலியில் சேனல்களைப் பாருங்கள். 2.4ல் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மட்டுமே. காலியாகத் தெரிகிறதே என்று 3ஐயோ 9ஐயோ தேர்ந்தெடுத்தால் இரு பக்கத்தாரின் இரைச்சலையும் வாங்கிக்கொள்வீர்கள். 2.4ல் சேனலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வேண்டாம். கேபிளில் சோதித்தாலும் சாயங்காலம் மந்தம் என்றால் வைஃபையைக் குறை சொல்லிப் பயனில்லை, லைனில் நெரிசல்.

வீட்டில் ஒருவர் பெரிய வீடியோவை மேலேற்றும்போது மட்டும் மற்றவரின் அழைப்பு உறைகிறது என்றால் அது வேறு நோய். ரூட்டரில் நெரிசலைச் சீராக்கும் எஸ்கியூஎம் அல்லது கியூஓஎஸ் என்ற வசதி இருக்கும். அதை இயக்கி, வரம்பை உண்மையான வேகத்தில் 85 முதல் 90 சதவீதமாக வையுங்கள்.

அறிகுறி: திடீரென்று ஒரு நிமிடம் காணாமல் போய்த் திரும்புகிறது

5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் மறைந்தால் சேனல் 52 முதல் 144 வரையிலான ஒன்றில் ரூட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ரேடாருக்கும் பங்கு உள்ள பகுதி அது. ரேடார் போல எதையாவது உணர்ந்தால் ரூட்டர் அங்கிருந்து விலகியாக வேண்டும், அதே வகைச் சேனலுக்குத் திரும்புமுன் குறைந்தது ஒரு நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். 36 முதல் 48க்குள் நிலையாக வைத்துவிட்டால் தொல்லை ஒழியும்.

மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது 2.4 படுத்துவிடுவது சகஜம், அடுப்பும் அதே அலைவரிசை. ரூட்டரின் யுஎஸ்பி 3 போர்ட்டில் ஹார்டு டிஸ்க் செருகியிருந்தாலும் அதன் இரைச்சல் 2.4ல்தான் கொட்டும். ரூட்டரே அணைந்து எழுகிறது என்றால் பவர் அடாப்டரைச் சந்தேகியுங்கள். மாற்றும்போது வோல்ட்டும் பின்னின் துருவமும் அச்சாக அதேயாகவும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும்.

அறிகுறி: எல்லாம் சேருகிறது, ஸ்மார்ட் பல்பு மட்டும் சேர மறுக்கிறது

பெரும்பாலும் அதற்கு 2.4 மட்டுமே தெரியும், புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3யும் தெரியாது. 2.4க்கு மட்டும் டபிள்யூபிஏ2வோடு ஒரு கெஸ்ட் நெட்வொர்க் திறந்து அதில் சேர்த்துவிடுங்கள்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, ரூட்டரைத்தான் மாற்ற வேண்டும் என்றால்

அட்டைப்பெட்டியின் பெரிய எண் கூட்டுத்தொகை. ஏஎக்ஸ்3000 (ஏஎக்ஸ் என்றால் வைஃபை 6) என்பது 2.4ல் 574, 5ல் 2402 எம்பிபிஎஸ் இரண்டையும் கூட்டி முழுமையாக்கியது. பொதுவாகப் போன் இரண்டையும் சேர்த்து வாங்காது. அந்த 2402கூட 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பேசத் தெரிந்த சாதனத்துக்குத்தான். மற்றவற்றுக்கு 1201, கையில் கிடைப்பது அதிலும் பாதிக்குச் சற்று மேல்.

வைஃபை 6 இன்று போதுமான தேர்வு. வீட்டில் சாதனங்கள் அதிகமென்றால் அதன் அருமை தெரியும். வைஃபை 7க்கான சான்றளிப்பு 2024ல் தொடங்கியது. உங்கள் போனும் லேப்டாப்பும் அதற்குத் தயாராக இல்லாதபோது அதற்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள், மாடிப் பிரச்சினையை அது தீர்க்கவும் தீர்க்காது. நான் முதலில் பார்ப்பது வேறு: எல்லா போர்ட்டும் கிகாபிட்டா, ஆக்சஸ் பாயின்ட் மோடு உண்டா, ஒலிபரப்பு சக்தியைக் குறைக்கும் வசதி உண்டா, மெஷ் என்றால் பெட்டிகளைக் கேபிளில் கோக்க முடியுமா. இந்த நான்கும் உள்ள சாதாரண ரூட்டர் ஒன்றும், மாடியில் கேபிளில் தொங்கும் ஆக்சஸ் பாயின்ட் ஒன்றும் சேர்ந்தால், கீழே தனியாக நிற்கும் எந்த ராட்சத ரூட்டரையும் மாடியில் தோற்கடித்துவிடும்.

பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு வரும் என்பதையும் தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிடுங்கள். கழற்றிய பழைய ரூட்டருக்கு அது நின்றுபோயிருந்தால், மேல்மாடி ஆக்சஸ் பாயின்ட்டாகக்கூட அதை மறுபடி மாட்ட வேண்டாம்.